துள்ளுவது உங்கள் மகனின் கண் மட்டும் அல்ல

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. படிக்கும்போது வரி தாவுகிறான். விரல் வைத்துத்தான் படிக்கிறான், அதற்கும் பள்ளியில் திட்டு. எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் முடிப்பதற்குள் சோர்ந்துபோகிறான். அதே பாடத்தை நான் வாசித்துக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்டால் டக்கென்று பதில் சொல்வான். சாயங்காலம் தெருவில் கிரிக்கெட், அதை நன்றாகவே ஆடுகிறான். பள்ளியில் நடந்த பரிசோதனையில் பார்வை 6/6 என்றார்கள். எங்கள் ஊர்ப் பயிற்சி மையம் ஒன்றில் காட்டினோம். அவன் படிப்பதை செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்துக் காட்டினார்கள். கண் சீராக ஓடாமல் துள்ளித் துள்ளிப் போகிறது. இது கண் ஓட்டக் குறைபாடு, 40 நாள் பயிற்சி வேண்டும் என்கிறார்கள். கட்டணம் எங்கள் இரண்டு மாதச் சம்பளம். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று என் கண்ணைப் பார்த்தேன். எவ்வளவு அசைத்தாலும் என் கண் துள்ளுவதாகத் தெரியவில்லை. என் பிள்ளைக்கு மூளையில் ஏதாவது கோளாறா? பயிற்சியில் சேர்க்கலாமா?

ஒரு தாய், துறையூர்

குழந்தைகள் கண் மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் யாரிடமாவது செல்போனைக் கொடுத்து, நீங்கள் இந்தப் பதிலைப் படிக்கும்போது உங்கள் கண்ணை அதே ஸ்லோமோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு போட்டுப் பாருங்கள். உங்கள் கண்ணும் துள்ளும். உங்கள் கணவரின் கண், பள்ளி ஆசிரியரின் கண், இதை எழுதும் என் கண் எல்லாமே அப்படித்தான் போகும். ஆகவே கண் துள்ளுகிறது என்பதை மட்டும் வைத்து உங்கள் பையனுக்குக் குறைபாடு என்று சொன்னது சரியில்லை. அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் யாரோ சொன்னதை அப்படியே நம்பாமல் கண்ணாடி முன்னால் நின்று நீங்களே சோதித்துப் பார்த்திருக்கிறீர்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தச் சோதனை உங்களை ஏமாற்றியதற்கு ஒரு அழகான காரணம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு உங்கள் மகனிடம் வருகிறேன். அவன் கண்ணைப் புரிந்துகொள்ளவும் அது வேண்டியிருக்கிறது.

படிக்கும் கண் தாவித்தான் போகிறது என்பது பழைய செய்தி. 1879-ல் பாரிஸில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில், படிப்பவரின் கண்ணிமையோடு ஒலி கேட்கும் கருவியை இணைத்து, கண் அசையும்போதெல்லாம் எழும் சத்தத்தைக் காதால் கேட்டு எண்ணினார்கள். வரியின்மேல் கண் வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் நமக்குத் தோன்றும். அவர்களுக்குக் கேட்டதோ ஒரு வரிக்குச் சில தாவல்கள், நடுநடுவே சிறு தங்கல்கள். அந்தத் தாவலுக்கு மருத்துவத்தில் சக்கேட் என்று பெயர். குதிரையின் கடிவாளத்தை வெடுக்கென்று சுண்டுவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் அது. நான் தாவல் என்றே எழுதுகிறேன்.

கண் ஏன் தாவ வேண்டும்? இந்த வரியின் நடுவில் ஒரு சொல்லை விடாமல் பார்த்துக்கொண்டே, கண்ணை நகர்த்தாமல், வரியின் கடைசிச் சொல்லைப் படிக்கப் பாருங்கள். முடியாது. ஏதோ எழுத்து இருக்கிறது என்று தெரியும், என்ன எழுத்து என்று தெரியாது. விழித்திரையின் நடுவில் ஒரு சிறு குழி இருக்கிறது. அங்கே விழும் காட்சிதான் துல்லியமாகத் தெரியும். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அந்த நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் அந்தக் கூர்மையான பார்வையின் பரப்பு. மற்ற இடமெல்லாம் ஓரத்துக்குப் போகப் போக மங்கல். ஆகவே எதைப் பார்க்க வேண்டுமோ அதை நோக்கி மூளை கண்ணைத் தூக்கிப் போடுகிறது, கொஞ்சம் தங்குகிறது, மறுபடி தூக்கிப் போடுகிறது. நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை. விழித்திருக்கும் நேரம் முழுவதையும் கணக்கிட்டால் நாளுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். இத்தனை துண்டு துண்டான காட்சிகளிலிருந்து அசையாத ஒரு வீடு, ஒரு தெரு, ஒரு முகம் நமக்குக் கிடைக்கிறது. இத்தனை வருடம் கண்களைப் பார்த்த பிறகும் இதை நினைத்தால் எனக்கு வியப்பு குறையவில்லை.

சரி, கண்ணாடிக்கு வருவோம். மேற்படிப்பு படித்த காலத்தில் விடுதி அறைக் கண்ணாடி முன்னால் நானும் உங்களைப் போலவே நின்றிருக்கிறேன். இடது கண்ணைப் பார்த்தேன், பிறகு வலது கண்ணைப் பார்த்தேன். என் கண் நகர்வது எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்தில் நின்ற தோழிக்கு நன்றாகத் தெரிந்தது. ரேமண்ட் டாஜ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1900-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தாவிக்கொண்டிருக்கும் கண்ணுக்குத் தன் தாவல் தெரியாது.

மாத்திரை என்பது ஒரு கண்ணிமைப்பு அல்லது கைநொடிப்பு நேரம் என்று பள்ளி இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். படிக்கும்போது நடக்கும் ஒரு தாவல் சுமார் 30 மில்லிநொடிதான், அதாவது ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்கு. ஒரு கண்ணிமைப்புக்குள் மூன்று நான்கு தாவலாவது அடங்கிவிடும். அந்த நேரத்தில் விழித்திரைமேல் காட்சி முழுவதும் இழுபட்டுக் குழம்பித்தான் போகிறது. அந்தக் குழப்பம் நம் கவனத்துக்கு வராதபடி மூளை பார்வையின் உணர்வைச் சிறிது அமுக்கி வைக்கிறது. தாவுவதற்கு முன்னும் பின்னும் கிடைக்கும் தெளிவான காட்சிகளும் நடுவில் உள்ளதை மூடிவிடுகின்றன. சுவர்க் கடிகாரத்தைச் சட்டென்று திரும்பிப் பார்த்தால், வினாடி முள் முதலில் ஒரு கணம் கூடுதலாக நின்றுவிட்டுப் போவதுபோல் தோன்றுவதுண்டு. தாவல் விழுங்கிய நேரத்தையும் சேர்த்து, வந்து இறங்கிய பிறகு பார்த்த காட்சியின் கணக்கில் மூளை எழுதிவிடுவதால் அப்படித் தோன்றுகிறது.

இன்னொரு சிறு சோதனை. இதை நீங்கள் மட்டும் செய்யுங்கள், பையன் வேண்டாம். கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் செய்யக் கூடாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணின் வெளி ஓரத்தில் இமைமேல் விரலை வைத்து, மிக மெதுவாக ஒரு தொடு தொடுங்கள். எதிரே இருக்கும் சுவர் ஆடும். அதே கண்ணை நீங்களாகவே வலமும் இடமும் திருப்புங்கள், சுவர் ஆடாது. இரண்டிலும் கண் நகர்கிறது, விழித்திரையில் படமும் நகர்கிறது. பிறகு ஏன் ஒன்றில் மட்டும் உலகம் ஆடுகிறது?

இந்தக் கேள்விக்கு 1950-ல் இரண்டு இடங்களில் தனித்தனியாக ஒரே விடை வந்தது. ஜெர்மனியில் எரிக் ஃபான் ஹோல்ஸ்ட், ஹோர்ஸ்ட் மிட்டல்ஸ்டெட் இருவரும், அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெர்ரியும் சொன்னது இதுதான்: கண் தசைகளுக்கு ஆணை அனுப்பும்போதே மூளை அதன் நகல் ஒன்றைப் பார்வைப் பகுதிகளுக்கும் அனுப்பிவிடுகிறது. "கண்ணை நான்தான் நகர்த்துகிறேன், படம் இவ்வளவு நகரும், பதற வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதுபோல. விரலால் தள்ளியபோது அந்த நகல் போகவில்லை, அதனால் சுவர் ஆடியது.

நகல் எந்த வழியாகப் போகிறது என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. 2002-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மார்க் சோமர், ராபர்ட் வுர்ட்ஸ் இருவரும் குரங்குகளில் ஒரு வழியைக் காட்டினார்கள். அது மூளைத்தண்டிலிருந்து, மூளையின் நடுவில் இருக்கும் தாலமஸ் என்ற பகுதி வழியாக நெற்றிப்பக்கத்து மூளைக்கு ஏறிப் போகிறது. அந்த வழியை மருந்தால் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்தபோது, அடுத்தடுத்து இரண்டு தாவல் போட வேண்டிய குரங்குக்கு இரண்டாவது தாவலில் குறி பிசகியது. முதல் தாவலில் எங்கே வந்து நிற்கிறோம் என்ற செய்தி சரியாகப் போய்ச் சேராததுதான் காரணம். அதற்குப் பத்து ஆண்டு முன்பே, 1992-ல், இன்னொரு குழு உச்சிப் பக்க மூளையில் விசித்திரமான செல்களைக் கண்டிருந்தது. கண் தாவுவதற்குச் சற்று முன்னாலேயே, தாவிய பின் தன் பங்குக்கு வரப்போகும் இடத்துக்கு அந்தச் செல்கள் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுகின்றன. கண் போகுமுன் கவனம் போய்விடுகிறது.

ஒரு தாவலை மூளை எப்படித் திட்டமிடுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கே பார்ப்பது என்ற கேள்வி உச்சிப் பக்கத்திலும் நெற்றிப் பக்கத்திலும் அலசப்படுகிறது. மூளைத்தண்டின் பின்புறம் பட்டாணி அளவில் இரண்டு மேடுகள் இருக்கின்றன, சுப்பீரியர் கொலிகுலஸ் என்று பெயர். அந்த மேட்டின்மேல் நம் பார்வை வெளியின் வரைபடமே விரிந்திருக்கிறது. எந்தப் புள்ளியில் செல்களின் துடிப்பு மேலோங்குகிறதோ, அந்தத் திசைக்கு, அந்தத் தூரத்துக்குக் கண் தாவும். ஆனால் உடனே தாவிவிடாது. மூளைத்தண்டின் நடுவில் ஒரு செல் கூட்டம் ஓயாமல் துடித்துக்கொண்டு எல்லாத் தாவலையும் தடுத்து வைத்திருக்கிறது. வாய்க்காலில் மடைப்பலகை போட்டு நீரை நிறுத்தியதுபோல. முடிவு உறுதியானதும் அந்தச் செல்கள் ஒரு கணம் அமைதியாகின்றன, பலகை தூக்கப்படுகிறது, ஆணை பீறிட்டுத் தசைக்குப் போகிறது. கண்ணுக்கு ஆறு தசைகள். இடவலத் தாவலுக்கான செல்கள் மூளைத்தண்டின் நடுப்பகுதியிலும், மேல்கீழ்த் தாவலுக்கானவை அதற்கு மேலேயும் இருக்கின்றன.

ஒரு பொருள் தோன்றியது முதல் கண் புறப்படும்வரை சுமார் 200 மில்லிநொடி ஆகிறது. தாவலோ 30 மில்லிநொடியில் முடிந்துவிடுகிறது. போகிற வழியில் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள நேரம் கிடையாது. ஆகவே எவ்வளவு தூரம், எந்தப் பக்கம், எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் புறப்படுமுன்பே முடிவாகியிருக்க வேண்டும். குறி தொடர்ந்து தப்பினால் சிறுமூளை அளவைத் திருத்திக் கொடுக்கும். பிள்ளைகளுக்குப் புதுக் கண்ணாடி போட்டால் இரண்டு மூன்று நாள் தரை மேடுபள்ளமாகத் தெரிகிறது என்பார்களே, அதுவும் சரியாவதில் இந்தத் திருத்தும் வேலைக்குப் பங்கு உண்டு.

நெற்றிப் பக்கத்து மூளைக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது: தாவாமல் இருப்பது. ஓரத்தில் எது அசைந்தாலும் கண் அங்கே ஓடப் பார்க்கும். ஓடாதே என்று பிடித்துவைப்பது அந்தப் பகுதிதான். அந்தத் திறன் பதின்ம வயது வரைக்கும் முதிர்ந்துகொண்டே போகும். படிக்க உட்கார்ந்த ஒன்பது வயதுப் பையன் பல்லி ஓடினால் அங்கே பார்க்கிறான், மிக்ஸி சத்தம் கேட்டால் இங்கே பார்க்கிறான் என்றால், அது அவன் வயதுக்கு உரியது.

இனி உங்கள் மகன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது கிரிக்கெட். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருந்தாலும், கண் ஓட்டத்துக்கு அதைவிடக் கடினமான பரீட்சையை எந்த மையத்தாலும் வைக்க முடியாது. பந்து வருவதைக் கண்ணால் கடைசிவரை பார்த்துக்கொண்டே இரு என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். உண்மையில் பேட்ஸ்மேனின் கண் அப்படிச் செய்வதில்லை. இங்கிலாந்தில் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற இருவர், பந்து வீசும் இயந்திரத்துக்கு எதிரே நின்ற பேட்ஸ்மேன்களின் தலையில் சிறு கேமரா பொருத்தி அவர்கள் கண் எங்கே போகிறது என்று பார்த்து, 2000-ல் வெளியிட்டார்கள். பந்து புறப்படும் கணத்தை அவர்கள் பார்க்கிறார்கள். பிறகு பந்தை விட்டுவிட்டு, அது எங்கே குத்தி எழும் என்று மூளை கணிக்கிறதோ அந்த இடத்துக்குக் கண்ணைத் தாவ விடுகிறார்கள். பந்து வந்து சேருமுன்பே கண் அங்கே போய்க் காத்திருக்கிறது. குத்தி எழுந்த பிறகு கொஞ்ச தூரம் பின்தொடர்கிறார்கள். நன்றாக ஆடுபவர் மற்றவரைவிடச் சற்று முன்னதாகவே தாவிவிடுகிறார்.

தெருவில் பந்தைச் சரியாக அடிக்கிற பையனிடம் இடம் கணிக்கும் திறன், குறி தப்பாத தாவல், தாவியபின் நிற்கும் உறுதி, நகரும் பொருளைத் தொடரும் ஓட்டம் எல்லாம் இருக்கின்றன. தலை ஆடும்போது பார்வை ஆடாமல் காக்கும் ஏற்பாடும் சேர்த்து. இந்தக் கடைசி ஒன்றை வேண்டுமானால் வீட்டிலேயே பாருங்கள். புத்தகத்தை அசையாமல் வைத்துத் தலையை இடவலமாக ஆட்டச் சொல்லுங்கள், எழுத்து தெரியும். தலையை அசைக்காமல் புத்தகத்தை அதே வேகத்தில் ஆட்டினால் எழுத்து குழம்பும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு தலை ஆடும் செய்தியைச் சுமார் 10 மில்லிநொடியில் கண்ணுக்குக் கொடுத்துவிடுகிறது. அவ்வளவு வேகம் கண்ணால் பார்த்துத் தொடர்வதற்குக் கிடையாது.

அப்படியானால் கிரிக்கெட்டில் சரியாகப் போகிற கண் புத்தகத்தில் மட்டும் ஏன் தடுமாறுகிறது? படிக்கும்போது கண்ணை ஓட்டுவதில் மொழிக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு சொல்லில் வந்து தங்கிய கண், அந்தச் சொல் பிடிபடும் பக்குவத்துக்கு வந்த பிறகுதான் அடுத்ததற்கு நகர்கிறது. நன்றாகப் படிக்கத் தெரிந்த பெரியவர்களின் கண் ஒரு தங்கலுக்கு 200 முதல் 250 மில்லிநொடி நிற்கும். படிக்க ஆரம்பித்த சிறு பிள்ளைகளுக்கு 350 வரைகூட ஆகும். பெரியவர்களிடமே நூறு தாவலில் பத்துப் பதினைந்து பின்னோக்கிப் போகிறது. பிள்ளைகளிடம் அது இன்னும் அதிகம். சொல் நீளமானால், பழக்கமில்லாததானால், தங்கல் கூடும், திரும்பிப் போவதும் கூடும். உங்களிடம் சட்டப் பத்திரம் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி அதே செல்போனில் எடுத்தால் உங்கள் கண்ணும் உங்கள் மகன் கண்ணைப் போலவே முன்னும் பின்னும் போகும்.

கண்ணை மொழிதான் ஓட்டுகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒன்று. 1975-ல் ஜார்ஜ் மெக்கான்கி, கீத் ரேனர் என்ற இருவர், கண் நிற்கும் இடத்தைச் சுற்றி மட்டும் எழுத்தைக் காட்டி, மற்றதை எல்லாம் மறைத்துவிடும் கணினித் திரையில் படிக்க வைத்தார்கள். இதுபோன்ற சோதனைகளில் தெரிந்தது: ஆங்கிலம் படிப்பவர், கண் நிற்கும் இடத்துக்கு இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்தையும், வலப்பக்கம் 14, 15 எழுத்து வரைக்கும் பயன்படுத்திக்கொள்கிறார். அடுத்து எங்கே தாவுவது என்ற திட்டம் அந்த வலப்பக்கத்திலிருந்துதான் வருகிறது. வலமிருந்து இடமாக எழுதும் ஹீப்ரு மொழியில் இது அப்படியே தலைகீழ். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் ஹீப்ரு படிக்கும்போது இடப்பக்கம், ஆங்கிலம் படிக்கும்போது வலப்பக்கம் என்று, கண் பயன்படுத்தும் அந்த எழுத்துச் சாளரத்தை மாற்றிக்கொண்டார்கள். கண் அதே கண்தான். ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்தச் சாளரம் சுருங்கிவிடும். அடுத்த சொல்லை எட்டிப் பார்க்க அவனிடம் கவனம் மிச்சமில்லை. திட்டம் இல்லாத தாவல் எங்கோ போய் விழுகிறது, வரி தவறுகிறது.

தமிழில் இன்னொரு சங்கதியும் உண்டு. கெ, கே, கை ஆகியவற்றில் கொம்பும் சங்கிலியும் முதலில் அச்சாகின்றன, அவற்றின் ஒலியோ மெய்யெழுத்துக்குப் பின்னால் வருகிறது. கொ, கோ என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பழகிய நமக்கு இது ஒரே எழுத்து. கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு மூன்று துண்டு. அவன் கண் அங்கே போய்த் திரும்பி வந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

ஆகவே நான் சந்தேகப்படுவது எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் இடத்தில் ஏற்படும் சிக்கல், டிஸ்லெக்சியா என்று சொல்வது. வாசித்துக் காட்டினால் புரிகிறது, தானே வாசித்தால் திணறுகிறான் என்று நீங்கள் எழுதியது அதற்குப் பொருந்துகிறது. கடிதத்தை மட்டும் வைத்து உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் தேட வேண்டிய இடம் அது. இத்தகைய பிள்ளைகளின் கண் ஓட்டம் வேறு மாதிரி இருப்பது உண்மைதான். படிப்பு தடுமாறுவதால் கண்ணும் தடுமாறுகிறது என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அந்தப் பிள்ளைகளால் எளிதாகப் படிக்க முடிகிற பாடத்தைக் கொடுத்தால் அந்த வித்தியாசம் பெருமளவு குறைந்துவிடுகிறது. அமெரிக்காவின் குழந்தை மருத்துவர், கண் மருத்துவர் சங்கங்கள் 2009-ல் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டன. கண் பயிற்சியால் படிப்புக் குறைபாடு தீரும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண் பயிற்சியே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டத்தில் பார்க்கும்போது இரண்டு கண்ணும் மூக்கை நோக்கி ஒன்றாகத் திரும்ப வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது போதாமல் இருக்கும். படிக்கும்போது தலைவலி, எழுத்து இரண்டாகத் தெரிதல், கொஞ்ச நேரத்தில் மங்குதல் என்று வரும். அதற்குப் பயிற்சி நன்றாகவே உதவுகிறது, நானும் கொடுக்கிறேன். ஆனால் அந்தப் பயிற்சி படித்துப் புரிந்துகொள்ளும் திறனைக் கூட்டுமா என்று 300-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தபோது, ஒப்புக்குக் கொடுத்த பயிற்சியைவிட அது கூடுதலாக எதையும் செய்யவில்லை. 2019-ல் அந்த முடிவு வெளியானது.

கண் ஓட்டம் உண்மையாகவே கெட்டுப்போனால் எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது புத்தகத்தோடு நிற்காது. மூளைத்தண்டின் மேல்பகுதி நலிந்த ஒரு முதியவரை என்னிடம் அழைத்து வந்தார்கள். மூன்று முறை கண்ணாடி மாற்றியும் அவருக்குத் தட்டில் இருக்கும் சோறு தெரியவில்லை. படியில் இறங்கும்போது விழுந்தார். பார்வை நன்றாகவே இருந்தது, கண்ணைக் கீழே தாவ வைக்கத்தான் மூளையால் முடியவில்லை. பிள்ளைகளில், படிக்காமல் சும்மா இருக்கும்போதும் கண் ஓயாமல் ஆடுவது, ஒரு கண் விலகுவது, இரண்டிரண்டாகத் தெரிவது, தலையை எப்போதும் ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பது, பக்கவாட்டில் பார்க்கக் கண்ணுக்குப் பதில் தலையை வெட்டித் திருப்புவது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் கண் மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். புதிதாக, திடீரென்று ஆரம்பித்தாலோ, நடையும் தள்ளாடினாலோ அன்றைக்கே. உங்கள் கடிதத்தில் இவற்றில் எதுவும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. பள்ளியில் சொன்ன 6/6 என்பது தூரப் பார்வை மட்டும். தூரம் நன்றாகத் தெரிந்தும் கிட்டத்தில் சிரமப்படும் பிள்ளைகள் உண்டு. அதனால் ஒரு கண் மருத்துவரிடம் சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்க்கச் சொல்லுங்கள். கிட்டத்தில் கண் ஒன்றுசேர்வதையும் அளக்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இதைச் செய்துகொள்ளலாம். அங்கே குழந்தைகளுக்கான ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். 18 வயது வரையிலான பிள்ளைகளின் கற்றல் குறைபாடும் அதன் பட்டியலில் அடங்கும். சென்னைக்குப் போய்வர முடிந்தால் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனில் கேட்டுப் பார்க்கலாம். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்று கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைப் பள்ளியில் கேட்டு வாங்கலாம்.

வீட்டில், அவன் விரல் வைத்துப் படிக்கட்டும். அவன் கண்ணுக்கு அடுத்த தாவலுக்கான குறியை அந்த விரல்தான் காட்டுகிறது. ஆசிரியரிடம் இதை நீங்களே போய்ச் சொல்லுங்கள், வேண்டுமானால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். வரிக்குக் கீழே ஒரு அட்டையை வைத்துக் கொடுத்தாலும் நல்லது. எழுத்து கொஞ்சம் பெரிதாக, வரிகளுக்கு நடுவே இடைவெளி தாராளமாக உள்ள புத்தகமாகப் பாருங்கள். நான்காம் வகுப்புப் பாடம் கடினமாக இருந்தால் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் தொடங்குங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தினம் 15 நிமிடம், நீங்கள் ஒரு வரி, அவன் ஒரு வரி என்று சத்தமாக. ல, ழ, ள போன்றவற்றையும் கொம்பு எழுத்துகளையும் தனியாக எடுத்து, ஒலியையும் எழுத்தையும் சேர்த்துப் பழக்குங்கள். முறையாகப் பயிற்சி பெற்ற சிறப்பு ஆசிரியர் கிடைத்தால், கண் பயிற்சிக்குக் கேட்ட தொகையில் ஒரு பகுதியை அவருக்குக் கொடுங்கள். கிரிக்கெட்டை நிறுத்திவிட வேண்டாம்.

சொட்டு மருந்து போட்டால், மருந்தைப் பொறுத்து ஒன்றிரண்டு நாள் கிட்டத்து எழுத்து மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலமோ சனிக்கிழமையோ கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது தொப்பி ஒன்று கையில் இருக்கட்டும். அந்த இரண்டு நாளும் அவனைப் படி என்று சொல்லாதீர்கள். முடிவு தெரிந்ததும் பவர் எண்ணோடு எனக்கு எழுதுங்கள்.